வயிற்றுக்குள் ஓர் அபாய மணி

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாளர் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறையில் 2010ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர்.)



சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "தம்பி, இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு உன் இஷ்டம்" என்றார். தொழிற்சாலைத் தானியக்கம் பற்றி ஏதோ பேசப்போகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். "சார், பெருங்குடல் புண் பற்றிப் பேசப்போறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "விருந்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். "முன்னாடியே முடிச்சிடறேன் சார்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே பயப்படாமல் கேளுங்கள்.

நான் மருத்துவன் அல்ல. பன்னிரண்டு வருடமாக ஒரு நோயோடு குடித்தனம் நடத்துகிறவன். அதன் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் நீண்டகால நோய். இதற்கு ஒரு சகோதரன் உண்டு, குரோன்ஸ் நோய் என்று பெயர். இரண்டையும் சேர்த்து டாக்டர்கள் ஐ.பி.டி. என்பார்கள். இதை ஐ.பி.எஸ். என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐ.பி.எஸ். என்றால் போலீஸ் உத்தியோகம் மட்டுமல்ல, குடல் சரியாக இயங்காமல் தொல்லை கொடுக்கும் வேறொரு உபாதையும்கூட. அதில் வலி உண்டு, அவஸ்தை உண்டு. ஆனால் குடலில் புண் இருக்காது, இரத்தம் போகாது. ஐ.பி.டி.யில் நிஜமாகவே புண் இருக்கும்.

ஆரம்பம்

2013ஆம் வருடம். எனக்கு வயது இருபத்துநாலு. சென்னைக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினீயர். நாளைக்கு நாலைந்து தடவை வயிற்றுப்போக்கு, அதில் இரத்தமும் சளியும். முதலில் மெஸ் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டேன். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் நாலு வருடம் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத வயிறு, வேறெந்த மெஸ்ஸுக்கும் அஞ்சாது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்!

அம்மா, "உடம்புச் சூடுடா, எண்ணெய் தேய்ச்சுக் குளி, இளநீர் குடி" என்றாள். குளித்தேன், குடித்தேன். மருந்துக் கடையில் சீதபேதி மாத்திரை வாங்கி அஞ்சு நாள் போட்டேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, மறுபடி வந்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் 'மூலம், பவுத்திரம்' என்று விளம்பரம் பார்க்கிறோமே, அப்படி ஓர் இடத்துக்கும் போனேன். பரிசோதனை எதுவும் கிடையாது. "மூலம்தான், ஒரே ஊசியில் சரியாகிவிடும்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்படியே எட்டு மாதம் போயிற்று. எடை ஒன்பது கிலோ இறங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சு வலி என்றால் நாலு பேர் ஓடி வருவார்கள். மலத்தில் இரத்தம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கூச்சம்.

என்னால் மறக்க முடியாதது ஒரு பஸ் பிரயாணம். சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவு பஸ். விழுப்புரம் தாண்டியதும் வயிறு முறுக்கியது. இந்த நோயில் 'அவசரம்' என்றால் பத்து நிமிஷம் பொறுக்கிற அவசரம் இல்லை. எழுந்து போய்க் கண்டக்டரின் காதில் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "அண்ணே, ஓரங்கட்டுங்க" என்று டிரைவரிடம் சொல்லி, ஒரு தண்ணீர் பாட்டிலையும் டார்ச்சையும் என் கையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது பஸ்ஸே விழித்துக்கொண்டு என்னைப் பார்ப்பது போல் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கண்டக்டர் மட்டும், "தம்பி, இதோட எத்தனை நாளா சுத்தறீங்க? நல்ல ஆஸ்பத்திரியாப் போய்ப் பாருங்க" என்றார். எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் சரியான மருத்துவ ஆலோசனை அதுதான். அவர் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே குடல் இரைப்பை நிபுணர் ஒருவரிடம் போனேன். இரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, பிறகு கொலனோஸ்கோபி. முந்தின நாள் மருந்துக் கரைசல் குடித்துக் குடலைக் கழுவிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். மறுநாள் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது, மயக்க மருந்தில் தெரியவே இல்லை. குடல் சுவரிலிருந்து சின்னச் சின்னச் சதைத் துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நம் நாட்டில் இது மிக முக்கியம். அமீபா சீதபேதியும், பாக்டீரியா சீதபேதியும் இதே வேஷம் போடும். குடல் காசநோய் அச்சாகக் குரோன்ஸ் நோய் மாதிரியே இருக்கும். காசநோய்க்காரருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் விபரீதம். அதனால்தான் டாக்டர்கள் அவசரப்பட்டுப் பெயர் சூட்டுவதில்லை.

அப்படியென்றால் என்ன?

நமக்குப் பழக்கமான பாஷையில் சொல்கிறேன். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். தினமும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் திரவம் சிறுகுடலிலிருந்து இதற்குள் வருகிறது. அதில் பெரும்பகுதித் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது இதன் வேலை. கடைசிப் பகுதியான மலக்குடல் ஒரு சேமிப்புத் தொட்டி. உட்சுவர் புண்ணானால் உறிஞ்சும் வேலை நடக்காது, ஆகவே பேதி. புண்ணிலிருந்து இரத்தம். தொட்டியின் சுவர் விறைத்து எரிச்சல் கொண்டிருப்பதால் கொஞ்சம் சேர்ந்தாலும் தாங்காது, ஆகவே அவசரம்.

புண் ஏன் வருகிறது? குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் காலங்காலமாகக் குடியிருக்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அவற்றைத் தெரியும். கண்டும் காணாமல் விட்டுவிடும். இந்த நோயில் அந்த உடன்பாடு முறிந்துபோகிறது. எதிரி இல்லாத இடத்தில் போர் நடக்கிறது, அடி விழுவது நம் குடல் சுவருக்கு. எங்கள் கண்ட்ரோல் ரூமில் அபாய மணி அடித்தால் ஆபத்து நீங்கியதும் அது ஓய வேண்டும். இங்கே சுவிட்ச் மாட்டிக்கொண்டுவிட்டது. பரம்பரைக் கூறு கொஞ்சம், சுற்றுச்சூழல் கொஞ்சம், குடல் பாக்டீரியாக்களின் மாறுதல் கொஞ்சம் என்று பல காரணங்கள் சேர்கின்றன. மருத்துவ உலகம் இன்னும் ஒரே காரணத்தைக் கைகாட்டவில்லை. ஆனால் இது தொற்றுநோய் அல்ல, மிளகாயால் வருவதல்ல, கண்ணேறும் அல்ல. இரண்டு கைகளையும் உயர்த்திச் சொல்வேன்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி, இடைவெளி விடாமல் மேலே பரவும். பெருங்குடலைத் தாண்டாது, சுவரின் மேல் படலத்தோடு பெரும்பாலும் நின்றுகொள்ளும். குரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். திட்டுத் திட்டாக வரும். சுவரின் முழுக் கனத்தையும் துளைக்கும். அதனால் அடைப்பும் ஓட்டையும் உண்டாகும். சிலருக்கு மூட்டு, கண், தோல், கல்லீரல் என்று வெளியேயும் பாதிப்பு வரும். எனக்கு முழங்கால் வீங்கியபோது ஷிப்டில் நின்ற அலுப்பு என்று நினைத்தேன். அதுவும் இதன் கைவரிசைதான்.

இது புதுசாக முளைத்த நோயுமல்ல. லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் பர்ரில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932ல் மற்றதை விவரித்தார்கள். பெயர் முதலாமவருக்குப் போய்விட்டது. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் பெயர் போடும் வரிசை எவ்வளவு முக்கியம் என்று மாணவர்கள் கவனிக்கவும்!

மருந்தின் கதை

இந்த நோயின் முதல் நல்ல மருந்து வேறு நோய்க்காகச் செய்யப்பட்டது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸ் என்ற அம்மையார் மூட்டுவாதத்துக்காக இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கோர்க்கச் செய்தார். ஒன்று சல்ஃபா வகை, மற்றது ஆஸ்பிரினுக்கு உறவான 5-ஏ.எஸ்.ஏ. இந்தச் சல்ஃபாசலசின் குடல் புண்ணுக்கும் கேட்டது. ஏன்? இரண்டையும் கோர்த்த பிணைப்பை அறுப்பது பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள். அதாவது பார்சல் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிரிகிறது.

இரண்டில் எது வேலை செய்கிறது என்று பல வருடம் தெரியவில்லை. வங்கதேசத்தைச் சேர்ந்த ஆசாத் கான் என்ற மருத்துவர், ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ் என்பவரோடு சேர்ந்து, ஒரு சுலபமான சோதனை செய்தார். முழு மருந்தையும் அதன் இரண்டு பாதிகளையும் தனித்தனியாக எனிமாவாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1977ல் முடிவு வெளியாயிற்று: குணப்படுத்துவது 5-ஏ.எஸ்.ஏ.தான். ஒவ்வாமைத் தொல்லைகளில் பெரும்பாலானவை சல்ஃபா பாதியால் வருபவை. பழுதான இயந்திரத்தில் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிச் சோதிக்கிறோமே, அதே புத்தி! அதற்குப் பிறகு வந்ததுதான் மெசலமின். குடலின் கடைசிப் பகுதிக்கு வந்த பிறகே கரையும்படி மேலே பூச்சுப் பூசிய மாத்திரை.

லேசான, நடுத்தர நிலைக்கு இதுவே முதல் மருந்து. புண் கீழ்ப்பகுதியில் இருந்தால் எனிமாவாகவோ, ஆசனவாயில் வைக்கும் மாத்திரையாகவோ கொடுப்பது நன்றாகக் கேட்கும். நம் ஆட்கள் கூச்சப்பட்டு அதை மட்டும் வாங்காமல் வந்துவிடுவார்கள். நானும் அந்த ஜாதிதான். முதல் மூன்று மாதம் எனிமா பெட்டியை அலமாரியிலேயே வைத்திருந்தேன். வைத்துக்கொள்ளத் தொடங்கிய இரண்டாவது வாரம் இரத்தம் நின்றது.

அதற்கு மேல் ஸ்டீராய்டு. ட்ரூலவும் விட்ஸும் 1955ல் வெளியிட்ட கார்ட்டிசோன் ஆய்வு இந்த நோயின் சரித்திரத்தையே மாற்றியது. தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி வருகிற மாதிரி சீக்கிரம் அணைக்கும். ஆனால் தீயணைப்பு வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்திவைக்க முடியுமா? நாள்பட எடுத்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். டக்கென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் இரண்டு வாரச் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் மருந்துக் கடையில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

நான் செய்த தப்பு

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

2016ல் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அதற்கு முன் ஒன்றரை வருடம் சுகமாக இருந்தேன். தினமும் மெசலமின் மாத்திரை, வேறு தொந்தரவு இல்லை. பெண் வீட்டாருக்கு இந்த விஷயம் தெரியாது. சொல்ல வேண்டும் என்று அப்பா சொன்னார். "இப்ப நல்லாத்தானே இருக்கேன், எதுக்குப்பா?" என்று நான் வாயை அடைத்தேன். மாத்திரை டப்பாவை யாராவது பார்த்துவிட்டால்? கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. 'பார்த்தாயா, குணமாகிவிட்டது' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் தொழிற்சாலையில் மணி அடித்தால் ஆபரேட்டர் ஒரு பட்டனை அழுத்துவார், சத்தம் நிற்கும். ஆனால் பழுது நீங்கும்வரை சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சத்தம் நின்றதும் விளக்கைப் பார்க்காமல் டீ குடிக்கப் போகிறவனை நான் மெமோ கொடுத்துத் திட்டியிருக்கிறேன். அதே காரியத்தை என் உடம்பில் நானே செய்தேன். சிகாகோவில் 99 நோயாளிகளை வைத்து நடத்தி 2003ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. மெசலமினை ஒழுங்காக எடுத்தவர்களில் நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 89, விட்டுவிட்டவர்களில் 39. இந்த எண்களை நான் படித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

2017 தொடக்கத்தில் நோய் திரும்பியது. இந்தத் தடவை பாய்ந்து வந்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை இரத்தம். காய்ச்சல், நாடித் துடிப்பு நூற்றுப்பத்து, ஹீமோகுளோபின் எட்டு. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் இரத்தப்போக்கு, அதோடு காய்ச்சலோ, வேகமான நாடியோ, இரத்தசோகையோ இருந்தால் அது கடுமையான தாக்குதல்; வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமே அல்ல. நான் இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். குளியலறைக் கதவு நிலையில் சாய்ந்து விழுந்தவனைத் தூக்கியவள் என் மனைவி.

ஆஸ்பத்திரியில் சிரை வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் நிலைமையைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார் டாக்டர். அன்றைக்கே அறுவை நிபுணரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். பெருங்குடலை முழுசாக எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டுவது பற்றி நிதானமாக விளக்கினார். மூன்றாம் நாளும் குறையவில்லை.

அந்த மத்தியானம் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பழைய சீட்டுகளையெல்லாம் அப்பா கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தேதி பார்த்துப் படித்தாள். பிறகு சொன்னாள்: "நோய் இருக்கறதுக்காக நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேனா, மாட்டேனான்னு எனக்கே தெரியாது. ஆனா அதை முடிவு பண்ண வேண்டியது நான். எனக்குப் பதிலா நீங்க பண்ணிட்டீங்க."

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவள் இன்று இந்த அரங்கத்தில்தான் இருக்கிறாள். இதைப் பேசலாமா என்று அனுமதி கேட்டேன். "இதைச் சொல்லாம வேற என்னத்தைப் பேசப்போறீங்க?" என்றாள்.

அடுத்த நாள் இன்ஃபிலிக்சிமாப் என்ற மருந்தை ஏற்றினார்கள். அழற்சியை ஊதிவிடும் டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் உயிரியல் மருந்து. அமெரிக்காவில் 1998ல் குரோன்ஸ் நோய்க்கும், 2005ல் இந்த நோய்க்கும் அனுமதி பெற்றது. கொடுக்குமுன் மார்பு எக்ஸ்ரே எடுத்து, காசநோய் பதுங்கியிருக்கிறதா, மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டார்கள். அப்பாவின் பிக்சட் டெபாசிட் ஒன்று உடைந்தது. மூன்று நாளில் இரத்தம் குறைந்தது. குடல் தப்பியது.

இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என்று மேலும் இரண்டு தடவை ஏற்றிக்கொண்டேன். செலவு கட்டுப்படியாகாது என்பதால் பிறகு அசதியோப்ரின் மாத்திரைக்கு மாற்றினார்கள். அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். இரத்த வெள்ளையணுக்களைக் குறைத்துவிடக்கூடியது. மரபணு காரணமாக ஆசிய மக்களில் சிலருக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆகவே ஆரம்பத்தில் அடிக்கடியும் பிறகு சீராகவும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். அன்று முதல் இன்றுவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவில்லை. ஒரு வேளை மாத்திரையும் தவறவில்லை. டப்பா சாப்பாட்டு மேஜை மேல், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விருந்தாளிகள் பார்த்தால் பார்க்கட்டும்.

இன்று இன்னும் பல மருந்துகள் வந்துவிட்டன. குடலுக்கு மட்டும் குறிவைக்கும் வெடோலிசுமாப், விழுங்கும் மாத்திரையாக வரும் டோஃபாசிடினிப் எல்லாம் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நன்மையும் எச்சரிக்கையும் உண்டு; தேர்ந்தெடுப்பது டாக்டரின் வேலை. அறுவை சிகிச்சையையும் பூதமாக நினைக்க வேண்டாம். லண்டனில் பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978ல் சிறுகுடலிலிருந்தே ஒரு பை தைத்து உள்ளேயே பொருத்தும் முறையைக் காட்டினார்கள். வெளியே பை இல்லாமல் வாழ அது பலருக்கு வழி செய்திருக்கிறது. வெளியே பையோடு வாழ்கிறவர்களும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள்.

சாப்பாடும் சந்தேகங்களும்

எங்கே போனாலும் முதல் கேள்வி, "என்ன சாப்பிடணும்?" இந்த நோயை வரவழைக்கும் ஒரே உணவும் இல்லை, குணமாக்கும் ஒரே உணவும் இல்லை. புண் கிளர்ந்திருக்கும்போது நார்ச்சத்தைக் குறைத்து, குழைந்த சாதம், இட்லி, மோர் என்று எளிமையாகச் சாப்பிடுகிறேன். அடங்கியிருக்கும்போது எல்லாமே. பழைய சோறு எனக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது. ஆனால் அது சோறு, மருந்து அல்ல. பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பயந்து பயந்து எல்லாவற்றையும் விட்டு எலும்பாகிவிடக் கூடாது.

தலைவலி, கால்வலி என்று டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை இஷ்டத்துக்கு விழுங்கக் கூடாது, நோயைக் கிளறிவிடும். பாராசிட்டமால் பாதகமில்லை. கவலையால் நோய் உண்டாவதில்லை. இருக்கும் நோய் கவலையில் கூடுவதாகப் பலர் உணர்கிறார்கள், நானும் உணர்ந்திருக்கிறேன். சல்ஃபாசலசின் எடுக்கும் ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும்; மருந்தை மாற்றினால் திரும்பிவிடும். இது தெரியாமல் பெண்ணைக் குறை சொல்லும் வீடுகள் நம் ஊரில் உண்டு, அதனால் சபையில் சொல்கிறேன். நோய் அடங்கியிருக்கும்போது கருவுற்றால், டாக்டரின் மேற்பார்வையில் பெரும்பாலான பெண்கள் நலமாகவே பிள்ளை பெறுகிறார்கள். பெருங்குடலின் பெரும்பகுதியில் நோய் உள்ளவர்களுக்குக் காலப்போக்கில் புற்றுநோய் அபாயம் கொஞ்சம் கூடுகிறது. ஆகவே நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனதும் கொலனோஸ்கோபி செய்து கண்காணிக்கத் தொடங்க வேண்டும். 2022ல் எனக்கு முதல் தடவை பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது.

கடன், நெருப்பு, நோய் மூன்றிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். இந்த நோயில் மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். காவல் காக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே இந்த நோய். 2007ல் பதவி விலகினார். புது மருந்தின் உதவியோடு 2012ல் திரும்பி வந்து, அந்நாட்டில் மிக அதிக காலம் பிரதமராக இருந்தவர் ஆனார். 2020ல் நோய் திரும்பியபோது, காரணத்தை நாட்டு மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு இறங்கினார். ஒரு பிரதமர் சொல்லக்கூடியதை ஒரு ஷிப்ட் இன்ஜினீயர் சொல்லக் கூடாதா?

தம்பி தங்கைகளுக்கு

இந்த நோய் பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் தலைகாட்டுகிறது. அதாவது, உங்கள் வயது. மலத்தில் இரத்தம் வந்தாலோ, நாலு வாரத்துக்கு மேல் பேதி நீடித்தாலோ, நடுராத்திரியில் தூக்கம் கலைத்து வயிறு எழுப்பினாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, சுவர் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் குடல் இரைப்பைத் துறை இருக்கிறது. சென்னையில் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இருக்கிறது. பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம். நோய் என்று தெரிந்தால் உங்கள் ரூம்மேட்டிடம் சொல்லுங்கள். கல்யாணம் பேசும்போது எதிர்த் தரப்பிடம் சொல்லுங்கள். நான் செய்யாததைச் செய்யுங்கள்.

கடைசியாக, முதல்வர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். முன்னாள் மாணவர்கள் சங்கம் நூலகத்துக்கும் ஆடிட்டோரியத்துக்கும் நிதி தருகிறது, மகிழ்ச்சி. இந்த வருடம் என் பங்கை ஹாஸ்டல் கழிவறைகளுக்குத் தர விரும்புகிறேன். தாழ்ப்பாள் போட்டால் சாத்திக்கொள்கிற கதவு, இரவிலும் எரிகிற விளக்கு, வற்றாத தண்ணீர், இவ்வளவுதான். இன்னொன்றுக்குப் பணமே வேண்டாம். வகுப்பிலோ பரீட்சை ஹாலிலோ ஒரு மாணவன் அல்லது மாணவி எழுந்து நின்று வெளியே போக வேண்டும் என்றால், ஏன் என்று எல்லோர் முன்னாலும் கேட்காமல் அனுப்புங்கள். பரீட்சை ஹாலில் வேண்டுமானால் கூட ஓர் ஆளை அனுப்புங்கள். அன்றைக்கு அந்தக் கண்டக்டர் என்னிடம் காரணம் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், பஸ்ஸை நிறுத்தினார். நம் கல்லூரியும் அதைச் செய்யலாம்.

விருந்து தயாராகிவிட்டது என்று செயலாளர் கையசைக்கிறார். அந்தப் பெயர் தெரியாத கண்டக்டருக்கும், முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மனைவிக்கும் நன்றி.